ரயிலா, விமானமா? பிரயாணம் செய்பவரைக் கேட்டீர்களா?

வெளிநாட்டுப் பிரயாணம் என்றதும் எங்கள் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு முடியும்?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை நாள் லீவு வேண்டும்?" இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை ஒருவரும் கேட்கவில்லை. பத்து வருடங்களாகப் பெண்களின் பிரச்சினைகளோடு வேலை செய்துவரும் நானும் கேட்கவில்லை. அதன் பலனை என் அம்மா அனுபவித்தார். அதை வாசகச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2025 ஜூலையில் என் அக்காவின் மகள் டில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காகப் புறப்பட்டாள். இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்திருந்தது. பெறாமகளைக் கொண்டுபோய் விடுதியில் சேர்க்க அக்காவும் நானும் போவதென்று தீர்மானமானது. பேத்தியை வழியனுப்ப அம்மாவும் வருவேன் என்றார். அம்மாவுக்கு 69 வயது. நீண்டகாலச் சீனி வருத்தம். முழங்கால் வலியும் உண்டு.

பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம். அதில் எவருக்கும் மறுபேச்சு இல்லை. சென்னையில் இருந்து டில்லிக்கு எப்படிப் போவது என்பதில்தான் கதை தொடங்கியது. "உங்களுக்கு என்ன அவசரம்? ரெயினிலை ஊரைப் பாத்துக்கொண்டு ஆறுதலாப் போங்கோ" என்றார் அத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. மகளின் செலவுகளுக்குக் கடன் எடுத்திருந்தவர் அவர்தான். ஆனாலும் அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு தடவை டில்லி போய்வந்த அத்தான், இரண்டு தடவையும் விமானத்தில்தான் போனார். அவருக்கு நேரம் இருக்கவில்லை. எங்களுக்கு நேரம் இருந்தது என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம்.

இரண்டு கணக்குகள்

சென்னைக்கும் டில்லிக்கும் இடையே ரயில் பாதையில் சுமார் 2,180 கிலோமீற்றர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு 10 மணியளவில் சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு, நடுவில் ஒரு முழுப் பகலைக் கடந்து, மூன்றாம் நாள் காலையில் புதுடில்லியை அடைகிறது. ஏறத்தாழ 33 மணித்தியாலங்கள். விமானமோ மூன்று மணித்தியாலத்துக்குள் போய்விடும். ஆனால் வாசலில் இருந்து வாசல் வரை பார்த்தால், விமான நிலையத்துக்குப் போகும் நேரம், இரண்டு மணித்தியாலம் முன்னதாக நிற்கும் நேரம், பொதிகளுக்காகக் காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்ந்து ஏழெட்டு மணித்தியாலம் ஆகிவிடுகிறது.

பணக் கணக்கில் ரயில் வென்றது. குளிரூட்டப்பட்ட மூன்றடுக்கு வகுப்பில் ஒருவருக்கு 2,000 இந்திய ரூபாவுக்குச் சற்றுக் கூட. நாங்கள் பார்த்த நாளில் விமானச்சீட்டு அதைப்போல மூன்று மடங்கு. பொதிக் கணக்கிலும் ரயிலே வென்றது. இந்திய உள்நாட்டு விமானங்களின் சாதாரணச் சீட்டில் பொதுவாக 15 கிலோவை ஒப்படைக்கலாம், 7 கிலோவைக் கையில் கொண்டுபோகலாம். ரயிலில் மூன்றடுக்குக் குளிரூட்டிய வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. மிளகாய்த்தூள், ஒடியல் மா, அரிசிமா, புத்தகங்கள், சென்னையில் வாங்கிய பாத்திரங்கள் என்று எங்களிடம் பெரிய மூட்டையே இருந்தது.

ஆகவே ரயில் என்று முடிவானது. அக்கா பாடசாலையில் மேலதிகமாக லீவு எடுக்க வேண்டியிருந்ததும், சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் மாலை வகுப்பு நின்றதும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வீட்டு வேலைக்குக் கூலி இல்லாததால் அது வேலையாகவே எண்ணப்படுவதில்லை என்று சமூகவியல் வகுப்பில் படித்திருக்கிறேன். பெண்ணின் பிரயாண நேரமும் அப்படித்தான் என்பதை என் குடும்பத்திலேயே கண்டேன்.

நாக்பூருக்கு முன்னால்

முதல் இரவு நன்றாகவே கழிந்தது. அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது. காலையில் கோதாவரியைக் கடந்தோம். எதிரில் நாக்பூர்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். எங்களுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அம்மாவும் அவரும் கையாலும் சிரிப்பாலும் கதைத்துக்கொண்டார்கள்.

மதியத்துக்குச் சற்று முன் அம்மாவின் பேச்சு நின்றது. முகம் வியர்த்து, கை நடுங்கியது. நல்லவேளையாகச் சீனி பார்க்கும் கருவி என் கைப்பையில் இருந்தது. அளவு 58 காட்டியது. நாக்பூர்ப் பெண்மணி தன் தேநீரில் இன்னும் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கலக்கிக் கொடுத்தார். கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பார்த்தோம். அளவு ஏறியிருந்தது. அதன் பிறகு பாண் கொடுத்தோம்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. ஓடும் ரயிலில் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து, அம்மா முதல்நாள் மாலையில் இருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. காலைச் சாப்பாட்டையும் எங்களுக்குத் தெரியாமல் பொதிக்குள் வைத்துவிட்டார். ஆனால் சீனிக் குளிசையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். "ஏன் அம்மா சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் எல்லாம் முடிவெடுத்தாப் பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போதும் அம்மா இப்படித்தான் செய்வார். எங்கள் பெண்கள் பலர் செய்கிறார்கள். பிரயாணம் என்றால் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்று தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அது சலக்கடுப்பையும் சலத்தொற்றையும் கொண்டுவரும். சீனிக்காரருக்கு உயிராபத்தும் ஆகலாம்.

திரும்பி வரும்போது

பெறாமகளை விடுதியில் விட்ட பின், திரும்பிப் போவதற்குச் சீட்டு எடுக்கும் முன் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். "அம்மா, உங்களுக்கு எது வசதி?" விமானம் என்றுதான் சொல்வார் என்று எண்ணியிருந்தேன்.

"எனக்கு ரெயின்தான் நல்லம் பிள்ளை. பிளேனிலை முழங்காலை மடிச்சுக்கொண்டு இருக்கேலாது. இதிலை காலை நீட்டிப் படுக்கலாம்" என்றார். பிறகு 1970களில் தன் தகப்பனாரோடு தலைமன்னார் வரை ரயிலிலும், அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலிலும், மறுபடி சென்னைக்கு ரயிலிலும் போன கதையைச் சொன்னார். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பின் தொடங்கிய வழி அது. 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகும் ராமேஸ்வரம் வழியாக நடந்தது. 1980களில் போர் தொடங்கியதும் நின்றுபோனது. அம்மாவுக்கு ரயில் ஒரு நாளும் பயமாக இருந்ததில்லை. தன் பாட்டைத் தானே பார்க்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் பயம். கூட ஒருவர் வாசலில் நின்றால் போதும் என்றார். அதை நாங்கள் கேட்கவே இல்லை.

அக்காவின் பதில் வேறு. "எனக்குப் பிள்ளையளின்ரை வகுப்பு இருக்கு. நான் பிளேனிலை போறன். என்ரை சம்பளத்திலை எடுக்கிறன்" என்றார். தொலைபேசியில் அத்தான், "தனியவோ?" என்று கேட்டார். "தனியத்தான்" என்றார் அக்கா. 47 வயதில் முதன்முறையாகத் தனியே விமானம் ஏறினார். காலையில் டில்லியில் ஏறியவர் மாலைக்குள் வீட்டில் இருந்தார்.

அம்மாவும் நானும் இரவு ரயிலில் ஏறினோம். மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுத்தேன். போய் வரும்போதெல்லாம் வாசலில் நின்றேன். மறுநாள் காலையில் நர்மதை நதியைக் கடந்தபோது அம்மா யன்னலோரம் இருந்து கைகூப்பினார்.

பயணச்சீட்டு எடுக்கும் முன்

சகோதரிகளே, எது நல்லதென்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. சிலவற்றை நினைவில் வைத்தால் போதும்.

சத்திரசிகிச்சை முடிந்தவர், கைக்குழந்தையோடு தனியே போகும் தாய், குறைந்த லீவு உள்ளவர் ஆகியோருக்கு விமானமே பொருத்தமாக இருக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்தவரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்டு, அவருடைய கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். நடக்கக் கஷ்டப்படுபவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டு எடுக்கும்போதே சொல்லுங்கள். இன்சுலினைக் கைப்பையில் கொண்டுபோங்கள். ஒப்படைக்கும் பொதிக்குள் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம்.

இந்திய ரயில்களில் 2024 நவம்பரில் இருந்து 60 நாட்களுக்கு முன்னர்தான் முன்பதிவு தொடங்குகிறது. வெளிநாட்டுப் பிரயாணிகளுக்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் உள்ள சீட்டை நம்பிப் படுக்கைப் பெட்டியில் ஏற முடியாது. 'ஆர்.ஏ.சி.' என்று இருந்தால் ஒரு படுக்கையை இருவர் இருக்கையாகப் பகிர வேண்டும். வயதானவருக்குக் கீழ்ப்படுக்கை கேளுங்கள். 139 என்ற ரயில்வே உதவி இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வட இந்தியப் பனிமூட்டத்தால் ரயிலும் தாமதமாகும், விமானமும் தாமதமாகும். நாள் குறிக்கும்போது இடைவெளி விடுங்கள்.

எதில் போனாலும் தண்ணீர் குடியுங்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தபடி போவதானால் இடைக்கிடை எழும்பி நடவுங்கள். காலில் இரத்தம் கட்டும் ஆபத்து அதனால் குறையும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிரயாணம் செய்யப்போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் உங்கள் தாயாக இருக்கலாம், மாமியாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். "உங்களுக்கு எது வசதி?" என்று கேட்க ஒரு சதமும் செலவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கேட்க ஒரு அம்மாவின் கை நடுங்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அப்படி வேண்டாம்.