இசைப்படம் சுவைத்தல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள திருப்பெரும்பூதூர், வைணவ ஆசாரியராகிய இராமானுசர் பிறந்த தொன்மையான ஊராகும். அவ்வூரிலிருந்து ஒரகடம் வரையில் உள்ள நிலப்பரப்பு இன்று தொழிற்சாலைகள் நிறைந்த இடமாக விளங்குகின்றது. மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் அங்கே உருவாகின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்டிரும் அங்கு வந்து உழைக்கின்றனர். 2024ஆம் ஆண்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பெற்ற பெண் தொழிலாளர் விடுதி ஒன்றே 18,720 பேர் தங்கத்தக்கது. வெவ்வேறு ஊரினரும் வெவ்வேறு சுவையினரும் ஒரே அறையில் வாழும் இத்தகைய இடங்களில், ஓய்வு நாளில் பலர் கூடி ஒரு திரைப்படத்தைக் காண்பது இயல்பு.

அங்ஙனம் காணும்பொழுது ஒரு வழக்கு எழுவதுண்டு. படத்தில் பாட்டுத் தொடங்கியதும் ஒருவர் தம்மை மறந்து தாளம் போடுவார். மற்றொருவரோ, “கதை நடக்கும்பொழுது பாட்டு எதற்கு? துன்பத்தில் உழல்பவன் பாடிக்கொண்டா இருப்பான்?” என்று சலித்துக்கொள்வார். சலிப்பு முற்றினால் ஏளனமாகும். ஏளனம் உடனிருப்பவர் உள்ளத்தைப் புண்படுத்தும். ஆதலின், பாட்டை விரும்பாதவரும் ஓர் இசைப்படத்தைச் சுவைத்தல் கூடுமா என்று ஆராய்வது பயனுடையதாகும்.

தொழிற்சாலையில் பொறியின் உறுப்புகளைச் சோதிப்பவர், ஒவ்வோர் உறுப்பையும் அதற்குரிய கருவியாலேயே அளப்பர். நீளத்தை அளக்கும் கோலைக்கொண்டு எடையை அறிய முற்படுபவர் அவர்களுள் எவரும் இலர். கலைக்கும் இம்முறை பொருந்தும். “உலகில் இப்படி நடக்குமா?” என்பது செய்தித்தாளைச் சோதிக்கும் அளவுகோல். அதனால் இசைப்படத்தை அளந்தால் குறையே தென்படும். ஆயின் அக்குறை படத்தினுடையதன்று, கோலினுடையது.

தொல்காப்பியர் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தார். நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டை அவர் வேறுபடுத்திக் கூறினார். உள்ளதை உள்ளவாறே காட்டுவது உலகியல் வழக்கு. சுவை தோன்றப் புனைந்து காட்டுவது நாடக வழக்கு. இவ்விரண்டும் கலந்ததே புலவர் நெறி என்பது அவர் கருத்து. துன்பத்தில் உழல்பவன் உலகியலில் வாய்விட்டுப் பாடான் என்பது உண்மையே. ஆயினும் அவன் நெஞ்சினுள் எழும் அலைகளுக்கு ஓசை உண்டாயின் அது எவ்வாறு இருக்கும் என்பதைப் பாட்டுக் காட்டுகின்றது.

பாட்டுக் கதையைத் தடுத்து நிறுத்தும் என்பதும் எப்பொழுதும் உண்மையன்று. சிலப்பதிகாரத்துக் கானல்வரியை எண்ணுக. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகின்றான். அவன் வேறொருத்தியை நினைந்து பாடினான் என்று மாதவி கருதுகின்றாள். தானும் வேறொருவன்மீது உள்ளம் வைத்தவள்போல யாழ் வாங்கிப் பாடுகின்றாள். அதுகேட்ட கோவலன் அவளைப் பிரிகின்றான். மதுரைப் பயணமும், கோவலன் கொலையும், கண்ணகியின் சீற்றமும் இப்பிரிவின் பின் விளைந்தவையே. அப்பாடல்களை நீக்கிவிட்டால் காப்பியம் அவ்விடத்திலேயே நின்றுவிடும்.

காஞ்சிபுரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் நிகழும் தெருக்கூத்தும் இந்நெறியினதே. பாத்திரம் திரைக்குப் பின்னே நின்று பாடித் தன்னை அறிவித்துக்கொண்ட பின்னரே அவையில் தோன்றும். சங்கரதாச சுவாமிகள் போன்றோர் இயற்றிய நாடகங்களிலும் பாட்டே தலைமை பெற்றிருந்தது. 1931ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ என்னும் முதல் தமிழ்ப் பேசும்படம் வெளிவந்தபொழுது, மக்கள் மேடையில் கேட்டுப் பழகிய இசை திரைக்கும் வந்து சேர்ந்தது. எனவே, திரைப்பாட்டுப் புதிதாக ஒட்டவைக்கப்பட்ட அலங்காரமன்று. பழைய மரத்தில் கிளைத்த புதுக்கிளையாகும்.

இதற்குச் சிறந்த சான்று, 1968ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ என்னும் படம். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய புதினத்தை ஏ. பி. நாகராசன் படமாக்கினார். நாகசுரக் கலைஞன் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும், நாட்டிய நங்கை மோகனாம்பாளாகப் பத்மினியும் நடித்தனர். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுர இசை அப்படத்தில் ஒலிக்கின்றது. கதையின் நடுவில் இருப்பது, நாகசுரத்திற்கும் நாட்டியத்திற்கும் நிகழும் போட்டியாகும். கத்திவீச்சால் புண்பட்ட அக்கலைஞனின் நலத்தை அறிய மோகனாம்பாள் துடிக்கின்றாள். அவையோர் சூழ்ந்திருத்தலின் நேரே வினவ வழியில்லை. ஆகவே ஆடலும் பாடலுமாக அவ்வினாவை எழுப்புகின்றாள். அவன் தன் நாகசுரத்தால் விடை தருகின்றான். ஊரறியப் பேச இயலாத ஒன்றை ஊர் நடுவே பேசுவதற்குப் பாட்டன்றி வேறு வழி அங்கே இல்லை.

பிற நாட்டினரும் இவ்வழக்கை அறிவர். அமெரிக்க நாட்டில் 1952ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சிங்கிங் இன் தி ரெயின்’ என்னும் படத்தில், காதல் கைகூடிய மகிழ்ச்சியால் நாயகன் குடையை மடக்கிக்கொண்டு கொட்டும் மழையில் பாடி ஆடுகின்றான். நாயகனாக நடித்தவர் ஜீன் கெல்லி. ஆட்டம் உச்சத்தை அடையும் வேளையில் காவலர் ஒருவர் வந்து அவனை உற்று நோக்குகின்றார். அவனும் ஆட்டத்தை அடக்கி, எதிர்ப்பட்ட ஒருவரிடம் குடையைக் கொடுத்துவிட்டு நடக்கின்றான். “இஃது என்ன கூத்து?” என்று கேட்பாரையும் அப்படம் மறக்கவில்லை. நாடக வழக்கின் எதிரே உலகியல் வழக்கைக் காவலர் உருவில் நிறுத்தி, காண்போரைப் புன்முறுவல் கொள்ளச் செய்கின்றது.

இவ்வாறு கூறுதலின், எல்லாப் பாட்டும் நல்லன என்று கொள்ளற்க. கதையோடு தொடர்பின்றி, வணிகம் கருதிச் செருகப்பட்ட பாடல்களும் பல உள. பாட்டே இல்லாத நல்ல படங்களும் உண்டு. 1954ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அந்த நாள்’ ஒரு கொலையின் உண்மையை ஆராயும் கதை. அதில் ஒரு பாடலும் இல்லை. அதனை இயக்கிய எஸ். பாலசந்தர் புகழ்பெற்ற வீணைக் கலைஞர் ஆவார். இசையில் வல்லவரே, இக்கதைக்குப் பாட்டு வேண்டா என்று தெளிந்தார். எவ்விடத்தில் வேண்டும், எவ்விடத்தில் வேண்டா என்று அறிவதே கலையறிவாகும்.

அவ்வறிவைப் பெற விரும்புவோர் ஒவ்வொரு பாட்டைக் குறித்தும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். பாட்டுக்கு முன் இருந்த நிலை, பாட்டுக்குப் பின் மாறியுள்ளதா? உரையாடலால் சொல்ல இயலாத ஒன்றைப் பாட்டுச் சொல்லியதா? அதனை நீக்கினால் கதை ஏதேனும் இழக்குமா? ஆம் என்னும் விடை கிடைப்பின் அது கதையின் உறுப்பு. இல்லையெனின் வெறும் ஒட்டு. பாட்டில் பெருவிருப்பம் இல்லாதவரும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

விரும்புதல் வேறு, மதித்தல் வேறு. விருப்பம் தானே வருவது. அதனை வற்புறுத்துதல் ஆகாது. மதிப்போ அறிந்தபின் வருவது. அதற்குச் சிறிது பொறுமையே வேண்டும். பலரும் கூடி உழைத்து, கூடி உண்டு, கூடி வாழும் இடத்தில், உடனிருப்பவர் கண்கலங்கிக் கேட்கும் பாட்டை எள்ளி நகையாடாது, அஃது அவரை ஏன் உருக்குகின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் ஒரு கலையை அறிகின்றார்; அதனோடு ஒரு நெஞ்சத்தையும் அறிகின்றார்.