“அதுக்கு விசில் அடிச்சீங்க, இதுக்கு இல்லையா சார்?” - கல்லூரி கூடைப்பந்தில் நடுவர் தீர்ப்பு ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

கல்லூரி கூடைப்பந்து ஆட்டம் எதைப் பார்க்கப் போனாலும் இந்த வசனத்தைக் கேட்காமல் திரும்ப முடியாது: “சார், இதே மாதிரி இடிச்சதுக்குத்தானே எனக்கு ஃபவுல் கொடுத்தீங்க? இப்ப அவனுக்கு ஏன் இல்ல?” நடுவர் பதில் சொல்வதற்குள் பந்து அடுத்த பக்கம் போய்விடும். கேலரியில் இருப்பவர்களோ, “ரெஃப்ரி அவங்க ஆளுப்பா” என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள்.

ஒரே மாதிரியான மோதல், ஒரே நடுவர், ஆனால் இரண்டு முடிவுகள். இது எப்படி நடக்கிறது? எல்லாமே பாரபட்சம்தானா?

ஒரே மாவட்டம், மூன்று விதமான தீர்ப்பு

இதைப் புரிந்துகொள்ள செங்கல்பட்டு மாவட்டத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் மாமல்லபுரம். 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை இங்கே 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. செஸ்ஸில் ஆட வேண்டும் என்று ஒரு காயைத் தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். நேரம் முடிந்தால் முடிந்ததுதான். நடுவரின் சொந்தக் கருத்துக்கு அங்கே இடம் ரொம்பக் குறைவு.

அதே கடற்கரையில் 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. ஆண்கள் பிரிவில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். ஒரு அலையை எவ்வளவு ‘அழகாக’ ஓட்டினார் என்பது முழுக்க முழுக்க கருத்துதான். ஆனால், சர்ஃபிங் அதை மறைப்பதில்லை. 5 நடுவர்கள் தனித்தனியாக 10-க்கு மதிப்பெண் போடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தூக்கிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எடுப்பார்கள். ஒருவர் தாராளமாகப் போட்டாலும், இன்னொருவர் கஞ்சத்தனம் காட்டினாலும் பெரிதாக பாதிக்காது.

இப்போது காட்டாங்குளத்தூர், படூர், களவாக்கம் என்று ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் வரிசையாக இருக்கும் கல்லூரிகளின் கூடைப்பந்து மைதானங்களுக்கு வாங்க. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். உள்ளே 10 பேர். இரண்டு அல்லது மூன்று நடுவர்கள். மோதல் நடந்த இடம் யார் பார்வையில் இருக்கிறதோ, பெரும்பாலும் அவர் ஒருவரின் முடிவுதான். அதுவும் நொடிப்பொழுதில். அதாவது, சர்ஃபிங் மாதிரி கருத்து சார்ந்த தீர்ப்பு, ஆனால் செஸ் மாதிரி மாற்ற முடியாத முடிவு. சிக்கலே இங்குதான்.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது?

சர்வதேச கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிகளைத்தான் இங்கேயும் பின்பற்றுகிறார்கள். அதில் சில விஷயங்கள் பளிச்சென்று இருக்கும். 5 ஃபவுல் வாங்கினால் ஆட்டக்காரர் வெளியே. ஒரு குவார்ட்டரில் அணிக்கு 4 ஃபவுல் ஆகிவிட்டால், அடுத்த தடுப்பு ஃபவுலில் இருந்து எதிரணிக்கு 2 ஃப்ரீ த்ரோ.

எது ஃபவுல் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரையும் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு உருளை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையிலும் மேலே குதிக்கும்போதும் அந்த இடம் அவருக்குச் சொந்தம். அதற்குள் புகுந்து இடித்தால் இடித்தவர் மீது தப்பு.

ஆனால், அதே புத்தகம் நடுவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறது. யாருக்கும் சாதகமோ பாதகமோ ஏற்படாத தற்செயலான உரசலுக்கு ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. ஆட்டக்காரர்களின் திறமை, ஆட்டத்தின் போக்கு ஆகியவற்றைப் பார்த்து பொது அறிவோடு முடிவெடுக்க வேண்டும். இதையெல்லாம் சீராகவும் செய்ய வேண்டும்!

கையில் லேசாகப் பட்டும் பந்து கூடைக்குள் போய்விட்டதா? நடுவர் விசில் அடிக்காமல் விடலாம். அதே அளவு தொடுதலில் பந்து நழுவினால் ஃபவுல். கேலரிக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடுவரைப் பொறுத்தவரை விளைவு வேறு, அதனால் தீர்ப்பும் வேறு.

‘டிராவல்’ விவகாரமும் இப்படித்தான். ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் காலைக் கணக்கில் சேர்க்காமல், அதன் பிறகு இரண்டு அடி வைக்கலாம் என்று 2017 அக்டோபரில் ஃபிபா விதியை மாற்றியது. அதற்கு முன் கற்றுக்கொண்டவர்கள் இன்றும் “மூணு ஸ்டெப் சார்!” என்று கத்துவதைக் கேட்கலாம். பல நேரங்களில் நடுவர் சொல்வதுதான் சரி.

அப்போ பாரபட்சமே இல்லையா?

இருக்கிறது. ஆனால், நாம் நினைக்கிற மாதிரி காசு வாங்கிக்கொண்டு செய்வதாகவே இருக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்தில் 2004-05 சீசனின் 365 ஆட்டங்களை ஆண்டர்சன், பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அலசினார்கள். எந்த அணி மீது குறைவான ஃபவுல்கள் பதிவாகியிருந்தனவோ, அந்த அணி மீதே அடுத்த ஃபவுல் விழும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. “ஒரே பக்கமா கொடுத்துட்டு இருக்கோமோ?” என்ற எண்ணத்தில் நடுவர்கள் தெரிந்தோ தெரியாமலோ கணக்கைச் சமன் செய்கிறார்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு அணி முரட்டுத்தனமாக ஆடுகிறது, இன்னொரு அணி சுத்தமாக ஆடுகிறது. இரண்டுக்கும் ஃபவுல் எண்ணிக்கை சமமாக வந்தால் நஷ்டம் யாருக்கு? விதியை மதித்தவருக்குத்தான்.

கூட்டத்தின் சத்தமும் வேலை செய்கிறது. 2002-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே வீடியோ காட்டப்பட்டது. சிலருக்கு ரசிகர்களின் சத்தத்தோடு, சிலருக்கு சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணி மீது 15.5% குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். போட்டியை நடத்தும் கல்லூரியின் மொத்த ஹாஸ்டலும் கேலரியில் உட்கார்ந்து மேளம் தட்டும்போது என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு விசிலின் விலை என்ன?

“காலேஜ் மேட்ச்தானே, விடுங்க பாஸ்” என்று சொல்லிவிட முடியாது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டிகளில் முதலில் மண்டல அளவில் ஜெயித்தால்தான் அகில இந்திய அளவுக்குப் போக முடியும். இந்தப் போட்டிகளில் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்கள் மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுகிறார்கள். பதக்கம் இருந்தால் இன்னும் பலம். ரயில்வே, வங்கி, வருமான வரித்துறை அணிகள் எல்லாம் இப்படி ஆள் எடுப்பவைதான்.

சாதாரண குடும்பத்தில் இருந்து கூடைப்பந்து திறமையால் கல்லூரி சீட் வாங்கி வந்த ஒரு மாணவிக்கு, மூன்றாவது குவார்ட்டரில் விழும் அந்த 5-வது ஃபவுல் ஒரு ஆட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. தேர்வாளர் பார்க்க வந்த நேரத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

புகார் கொடுக்க முடியாதா?

ஆட்டம் முடிந்து 15 நிமிடங்களுக்குள் கேப்டன் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு புரோட்டஸ்ட் செய்யலாம். ஆனால், ஸ்கோர் அல்லது கடிகாரத்தில் நடந்து திருத்தப்படாத பிழை, தகுதியில்லாத ஆட்டக்காரர் போன்ற காரணங்களுக்கு மட்டும்தான். “அது ஃபவுலே இல்லை” என்று புரோட்டஸ்ட் செய்ய வழியில்லை. பெரிய சர்வதேசத் தொடர்களில் சில முடிவுகளை வீடியோவில் சரிபார்க்கலாம். நம் பெரும்பாலான கல்லூரி ஆட்டங்களில் அந்த வசதி கிடையாது.

வேறு என்னதான் தீர்வு?

அமெரிக்காவின் என்பிஏ ஒரு வழி காட்டியிருக்கிறது. 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி 2 நிமிடத்தில் எடுத்த முடிவுகளில் எது சரி, எது தவறு என்று அந்த லீக்கே அறிக்கை வெளியிடுகிறது. முடிவு மாறாது. ஆனால், தவறு தவறு என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது.

நம்மிடம் அந்த அளவு பணமோ ஆள்பலமோ வேண்டியதில்லை. எல்லா ஆட்டத்தையும் எப்படியும் யாரோ ஒருவர் மொபைலில் எடுக்கத்தான் செய்கிறார்கள். அன்று மாலை நடுவர்கள் எல்லோரும் உட்கார்ந்து நான்கைந்து காட்சிகளைப் பார்த்து, “நாளைக்கு இந்த அளவு தொட்டா விசில், இதுக்கு இல்ல” என்று ஒரு கோட்டுக்கு வரலாம். அந்தக் கோட்டை மறுநாள் காலையில் எல்லா பயிற்சியாளர்களிடமும் சொல்லிவிடலாம். போட்டியை நடத்தும் கல்லூரியோடு தொடர்பில்லாத நடுவர்களையே அந்த அணியின் ஆட்டத்துக்குப் போடலாம்.

ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பந்து ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரம் நின்றிருக்கும் நேரத்தில் கேப்டன் நடுவரிடம் மரியாதையாக விளக்கம் கேட்க விதியே அனுமதிக்கிறது. இதைப் பயன்படுத்தும் அணிகள் குறைவு. நான்காவது குவார்ட்டரில் கத்துவதைவிட, முதல் குவார்ட்டரில் “சார், போஸ்ட்ல கை வைக்கிறதை எந்த அளவு விடுவீங்க?” என்று கேட்டுவிடுவது பலன் தரும். சொன்ன அளவுகோலை 40 நிமிடமும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அதன்பின் நடுவருடையது.