இரு விமானக் கம்பனிகளும் ஒரு பெயர்ப்பட்டியலும்

இரு வணிக நிறுவனங்கள் ஒன்றாக இணையும்போது, செய்தித்தாள்கள் பங்குகளின் விலையையும், புதிய நிறுவனத்தின் பெயரையும், தலைமை அலுவலகம் எந்நகரில் அமையும் என்பதையும் விரிவாக எடுத்துரைக்கும். இணைபவை விமானக் கம்பனிகளாயின், இவற்றிலும் கடினமான வினா ஒன்று எஞ்சி நிற்கும். இரு கம்பனிகளின் விமானிகளும் இனி ஒரே வரிசையில் நிற்கவேண்டும். அவ்வரிசையில் எவர் முன்னே நிற்பார், எவர் பின்னே நிற்பார் என்பதே அவ்வினா. கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினா, ஐக்கிய அமெரிக்காவின் ஒரு கம்பனியில் ஏறத்தாழப் பதினோராண்டு தீராத வழக்காக நின்றது.

இதன் காரணத்தை அறிய, முதற்கண் விமானியின் தொழிலமைப்பை அறிதல் வேண்டும். ஒரு பொறியியலாளர் ஒரு நிறுவனத்தை விட்டு வேறொன்றிற்குச் செல்லும்போது தம் அனுபவத்தின் மதிப்பையும் உடன் கொண்டு செல்கின்றார். அமெரிக்காவின் பெரிய விமானக் கம்பனிகளில் விமானிக்கு அவ்வாய்ப்பு இல்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள கப்டனும் புதிய கம்பனியிற் சேர்ந்தால், பட்டியலின் கடைசி இடத்திலிருந்தே தொடங்கவேண்டும். சேவை மூப்புப் பட்டியல் எனப்படும் அதில் ஒவ்வொரு விமானிக்கும் ஓர் எண் உண்டு. அவர் கப்டனாக அமர்வாரா, துணை விமானியாக அமர்வாரா, பெரிய விமானத்தைச் செலுத்துவாரா, சிறிய விமானத்தையா, எந்நகரிலிருந்து புறப்படுவார், பண்டிகை நாளில் வீட்டிலிருப்பாரா, வானிலிருப்பாரா என்பனவற்றையெல்லாம் அவ்வெண்ணே தீர்மானிக்கின்றது. ஊதியமும் அதனைத் தொடர்ந்தே செல்லும். கம்பனி நலிவுற்று ஆட்களைக் குறைக்க நேர்ந்தால், பட்டியலின் அடியில் உள்ளவரே முதலில் வெளியேறுவர்.

இத்தகைய இரு பட்டியல்களை ஒன்றாக்குவது எங்ஙனம்? இதற்கு இருவேறு கொள்கைகள் உண்டு. பணியிற் சேர்ந்த நாளையே அளவாகக் கொள்ளவேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொருவரும் தத்தம் கம்பனியில் வகித்த நிலையை அளவாகக் கொண்டு, விகிதாசாரப்படி இரு பட்டியல்களையும் கோக்கவேண்டும் என்பது மற்றொன்று. புகையிரத நிலையமொன்றில் இரு பயணச்சீட்டுச் சாளரங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றின் முன் விடியற்காலை முதல் பலர் காத்து நிற்கின்றனர். ஆயின் அச்சாளரம் மூடப்படும் நிலையில் உள்ளது. மற்றதன் முன்னுள்ள வரிசை குறுகியது, விரைந்து நகர்வது. திடீரென இரு வரிசைகளும் ஒன்றாக்கப்படுகின்றன. விடியலில் வந்தவர் தம் காத்திருப்பைக் காட்டுவார். மற்றவரோ, சாளரத்தை அணுகிவிட்ட தம் இடத்தைக் காட்டுவார். இருவரும் கூறுவது நியாயமே.

இந்நிலையே 2005 ஆம் ஆண்டில் யூ.எஸ். எயார்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் என்னும் இரு கம்பனிகள் இணைந்தபோது எழுந்தது. யூ.எஸ். எயார்வேஸ் கிழக்குப் பகுதியில் வேரூன்றிய பழைய கம்பனி. அதன் விமானிகள் ஏறத்தாழ 5,100 பேர். ஆயின் 2002 இலும் 2004 இலும் அது வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியிருந்தது. விமானிகளின் ஓய்வூதியத் திட்டம் 2003 இல் முடிவுறுத்தப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானிகள் பணியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தனர். அமெரிக்கா வெஸ்ட் 1983 இல் அரிசோனா மாநிலத்தில் பறக்கத் தொடங்கிய இளைய கம்பனி. அதன் விமானிகள் ஏறத்தாழ 1,900 பேர். அவர்களுடைய வேலைகள் நிலைபெற்றிருந்தன.

கிழக்கு விமானிகள் சேர்ந்த நாளே அளவு என்றனர். பல்லாண்டு உழைத்து, ஊதியக் குறைப்பையும் ஓய்வூதிய இழப்பையும் தாங்கியபின், தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்து சேவைக்காலம் என்பது அவர்கள் வாதம். அன்று விமானிகள் அறுபது வயதில் கட்டாயமாக ஓய்வுபெற வேண்டியிருந்தமையால், தம் மூத்தோர் விட்டுச்செல்லும் கப்டன் இருக்கைகள் தமக்கே உரியன என்றும் கருதினர். மேற்கு விமானிகளோ, இணைப்பு நிகழாதிருந்தால் கிழக்குக் கம்பனியே மறைந்திருக்கக்கூடும் என்றனர். வேலையிலிருக்கும் தம்மை, வேலையின்றி நின்றவர்களுக்குக் கீழே வைப்பது எவ்வாறு நீதியாகும் என அவர்கள் வினவினர்.

இரு தரப்பினரும் ஒரே தொழிற்சங்கத்தின் உறுப்பினர். அச்சங்கத்தின் விதிப்படி முதலிற் பேச்சுவார்த்தை, பின்னர் மத்தியஸ்தம், அதுவும் பயன்படாவிடின் இருவரையும் கட்டுப்படுத்தும் நடுத்தீர்ப்பு. இறுதியில் ஜோர்ஜ் நிக்கலாவ் என்னும் நடுத்தீர்ப்பாளரிடம் வழக்குச் சென்றது. 2007 மே மாதத்தில் அவர் வழங்கிய தீர்ப்பு, வெளிநாட்டுப் பெருவிமானங்களைச் செலுத்திய கிழக்கு விமானிகளுக்கு முதல் 517 இடங்களை அளித்தது. நிறுத்தி வைக்கப்பட்டிருந்தோரை அடியில் இட்டது. ஏனையோரை வகித்த நிலைக்கேற்ற விகிதத்திற் கோத்தது. இதனால், நெடுங்காலம் பணிபுரிந்த கிழக்கு விமானி ஒருவர், அண்மையிற் சேர்ந்த மேற்கு விமானியின் அயலிலே தம் பெயரைக் கண்டார்.

கிழக்கு விமானிகள் இதனை ஏற்கவில்லை. எண்ணிக்கையில் தாம் மிக்கிருந்தமையால், புதிய சங்கம் ஒன்றை அமைத்து, 2008 ஏப்ரிலில் நடந்த வாக்கெடுப்பில் பழைய சங்கத்தை அகற்றினர். புதிய சங்கத்தின் கொள்கை சேர்ந்த நாள் என்பதே. மேற்கு விமானிகள் நீதிமன்றம் ஏகினர். 2009 மே மாதத்தில் பீனிக்ஸ் நகர யூரர் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம், பொது ஒப்பந்தம் இன்னும் எழுதப்படாமையால் வழக்குப் பருவமடையவில்லை எனக் கூறி அதனைத் தள்ளியது.

நிக்கலாவின் பட்டியல் நடைமுறைக்கு வரவேண்டுமாயின் இரு தரப்பினர்க்கும் பொதுவான ஊதிய ஒப்பந்தம் வேண்டும். அவ்வொப்பந்தம் நிறைவேறாதவரை பட்டியலும் உறங்கும். ஆகவே ஒப்பந்தம் ஆண்டுக்கணக்கில் தாமதமுற்றது. வங்குரோத்துக் காலத்தின் குறைந்த ஊதியத்திலேயே கிழக்கு விமானிகள் தொடர்ந்து பறந்தனர். ஒரே பெயர், ஒரே நிறம் தாங்கிய விமானங்களிலும், கிழக்கு விமானியும் மேற்கு விமானியும் ஒரே விமானி அறையில் அருகருகே அமர்ந்து பறக்கவில்லை.

அவர்களின் திறமையில் எவரும் குறைகாணவில்லை. 2009 ஜனவரி 15 ஆம் நாள், இரு இயந்திரங்களும் செயலிழந்த விமானத்தை நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி, 155 உயிர்களையும் காத்த கப்டன் செஸ்லி சலன்பேகர் இக்கம்பனியைச் சேர்ந்தவரே. அடுத்த மாதம் அமெரிக்கக் காங்கிரசின் குழு முன் தோன்றிய அவர், தம் ஊதியம் நாற்பது சதவீதம் குறைக்கப்பட்டதையும், ஓய்வூதியம் பறிபோனதையும் எடுத்துரைத்தார். பட்டியலுக்காக நடந்த போராட்டத்தின் கசப்பு எங்கிருந்து பிறந்தது என்பதை அச்சாட்சியம் விளக்கும்.

2013 டிசெம்பரில் இக்கம்பனி அமெரிக்கன் எயார்லைன்ஸுடன் இணைந்தது. 2015 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், கிழக்கினர் அமைத்த சங்கம் மேற்கு விமானிகளை நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்யும் கடமையில் தவறியதெனத் தீர்ப்பளித்தது. 2016 செப்டெம்பரில் புதிய நடுத்தீர்ப்புக் குழுவொன்று மூன்று தரப்பினரையும் ஒரே பட்டியலில் அமைத்தது. இதற்கிடையில் பலர் ஓய்வுபெற்றுச் சென்றுவிட்டனர்.

இணைப்பென்றால் இவ்வாறுதான் முடியவேண்டும் என்பதில்லை. 2008 இல் டெல்ரா, நோர்த்வெஸ்ட் ஆகிய கம்பனிகள் இணைந்தபோதும் இதே பூசல் எழுந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் விமானிகள் பட்டியலில் உடன்படாமையால் இணைப்பே தாமதமுற்றது. எனினும் அவர்கள் ஊதிய ஒப்பந்தத்தை முதலில் முடித்துக்கொண்டு, பட்டியலை மூவர் கொண்ட நடுத்தீர்ப்புக் குழுவிடம் ஒப்படைத்தனர். அக்டோபர் இறுதியில் இணைப்பு நிறைவேறியது. டிசெம்பரில் ஏறத்தாழ 12,000 விமானிகளின் பட்டியல் வெளியாயிற்று. மனக்குறை உடையோர் அங்கும் இருந்தனர். ஆயினும் தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது.

அயல்நாடாகிய இந்தியாவும் இவ்வனுபவத்தைப் பெற்றது. 2007 இல் எயார் இந்தியாவும் இந்தியன் எயார்லைன்ஸும் இணைக்கப்பட்டபின், புதிய போயிங் 787 விமானத்திற்கான பயிற்சி எத்தரப்பு விமானிகளுக்கு உரியது என்னும் பிணக்கு முற்றியது. 2012 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் ஏறத்தாழ இரண்டு மாதம் நீடித்தது.

அமெரிக்காவிற் சட்டமும் இத்துறையில் தலையிட்டது. 2001 இல் ரீ.டபிள்யூ.ஏ. கம்பனியை அமெரிக்கன் எயார்லைன்ஸ் வாங்கியபோது, அதன் விமானிகள் பெருந்தொகையினர் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டனர். பின்னர் வந்த ஆட்குறைப்பிற் பலர் வேலையிழந்தனர். இதன் விளைவாக 2007 டிசெம்பரில் மக்காஸ்கில்–பொண்ட் சட்டம் நிறைவேறியது. இணையும் கம்பனிகளின் பட்டியல்கள் நீதியும் நடுநிலையும் பொருந்தக் கோக்கப்படவேண்டும், உடன்பாடு இல்லையேல் நடுத்தீர்ப்பிற்குச் செல்லவேண்டும் என்பது அதன் சாரம்.

எது நீதியான பட்டியல் என்பதைச் சட்டம் கூறவில்லை; கூறவும் இயலாது. காத்திருந்த காலத்தையும் அடைந்த நிலையையும் ஒரே தராசில் நிறுத்தற்குரிய படிக்கல் எவரிடமும் இல்லை. ஆதலின், எவர் தீர்ப்பளிப்பார், எவ்விதியின்படி அளிப்பார், அதன்பின் என்ன நிகழும் என்பனவற்றை இரு தரப்பினரும் முன்னரே உடன்பட்டு, தமக்குப் பாதகமாக முடியினும் அவ்வுடன்பாட்டைக் காப்பதே செய்யத்தக்கது. டெல்ரா விமானிகள் சில மாதங்களில் முடித்த காரியத்தை யூ.எஸ். எயார்வேஸ் விமானிகள் பதினோராண்டு இழுத்தனர். கிழக்கினர் பெறவேண்டிய ஊதிய உயர்வும், மேற்கினர் ஏறவேண்டிய கப்டன் இருக்கைகளும் அவ்வாண்டுகளிற் கழிந்தன. அவற்றைத் திருப்பித் தரும் ஆற்றல் 2016 ஆம் ஆண்டின் பட்டியலுக்கு இருக்கவில்லை.