எடுத்த இடத்தில் என்ன இருக்கும்?

1933 ஏப்ரல் 5. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள பார்ன்ஸ் மருத்துவமனையில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை நிபுணர், 48 வயது நோயாளி ஒருவரின் இடது மார்பைத் திறந்தார். நோயாளியும் டாக்டர்தான், பிட்ஸ்பர்க்கில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவர். நுரையீரலின் மேல் மடலில் புற்றுநோய். அந்த மடலை மட்டும் எடுப்பதாகத்தான் திட்டம். திறந்து பார்த்தால், ஒரு மடலோடு நிறுத்த வழியில்லாத இடத்தில் கட்டி உட்கார்ந்திருந்தது. கிரஹாம் மேஜையருகிலேயே முடிவெடுத்து, இடது நுரையீரல் முழுவதையும் எடுத்துவிட்டார். புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை ஒரே தடவையில் முழுதாக எடுத்து, நோயாளி பிழைத்து எழுந்தது அதுவே முதல் முறை.

நுரையீரல் வெளியே வந்தாயிற்று. காலியான இடத்தை என்ன செய்வது?

வயிற்றில் இந்தக் கேள்வியே எழாது. பித்தப்பையை எடுத்தால் பக்கத்துக் குடல் சரிந்து வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். மார்பு எலும்புக் கூண்டு. அது தானாகச் சுருங்காது. காலி இடத்தில் நீர் கோத்து, சீழ் பிடித்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில், கிரஹாம் அதே அறுவையில் பல விலா எலும்புகளையும் எடுத்து மார்புச் சுவரை உள்ளே அமிழவைத்தார். அப்படியும் சீழ் பிடித்தது. இன்னும் சில எலும்புகளை எடுக்க வேண்டிவந்தது. ஆனாலும் நோயாளி வீடு திரும்பி, மறுபடி பிரசவம் பார்த்து, 1963 வரை உயிரோடிருந்தார்.

விலா எலும்புகளை எடுத்திருக்கவே தேவையில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த இடத்தை உடம்பே பார்த்துக்கொள்கிறது. அறுவை முடிந்த அன்று எக்ஸ்ரேயில் அந்தப் பக்கம் கறுப்பு, முழுக்கக் காற்று. அடுத்தடுத்த நாட்களில் கீழே வெள்ளையாக ஒரு மட்டம் தெரியும். அது உடம்பிலிருந்து ஊறும் திரவம். காற்றை இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ள, திரவ மட்டம் மேலே ஏறும். உதரவிதானம் உயரும், விலா எலும்புகள் நெருங்கும், இதயம் காலிப் பக்கம் நகரும், மிச்சமுள்ள நுரையீரல் நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தப் பக்கம் முழுக்க வெள்ளையாகிவிடும். எந்த மருந்தும் செய்கிற வேலை அல்ல இது.

ஏறிய மட்டம் ஒருநாள் திடீரென்று இறங்கியிருந்தால் வார்டே பரபரப்பாகும். வெட்டித் தைத்த மூச்சுக்குழாயின் முனை விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். மார்புக்குள் இருந்த திரவம் அந்த ஓட்டை வழியாக மூச்சுக்குழாய்க்குள் வர, நோயாளி தண்ணீராக இருமுவார். ஆபத்து, அந்தத் திரவம் மிச்சமிருக்கும் ஒரே நுரையீரலுக்குள் போய்விடுவது. அறுவை செய்த பக்கம் கீழே இருக்கும்படி அவரை உடனே ஒருக்களித்துப் படுக்கவைப்பதுதான் முதல் சிகிச்சை, மற்றதெல்லாம் அப்புறம். வலது நுரையீரலை எடுத்தவர்களுக்கே இது கூடுதலாக வருகிறது. இடது முனை மகாதமனியின் வளைவுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். வலது முனைக்கு அந்தப் போர்வை கிடையாது. அதனால் பலர் பக்கத்துத் தசையையோ கொழுப்பையோ கொண்டுவந்து அதன்மேல் போர்த்தித் தைக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், மார்பு அறுவையில் வெட்டுவதைவிடக் காற்றைக் காவல் காப்பதுதான் பெரிய வேலை. நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி இல்லை. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வதைப்போல அது மார்புச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. இடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு குறைவு. அவ்வளவு சிறிய வித்தியாசம்தான். மார்பில் ஒரு ஓட்டை விழுந்தால் அது போய்விடும், நுரையீரல் சுருங்கிவிடும்.

இதன் விலையை 1918-ல் அமெரிக்க ராணுவ முகாம்கள் கொடுத்தன. இன்ஃபுளுயன்சாவைத் தொடர்ந்து சிப்பாய்களின் மார்பில் சீழ் சேர்ந்தது. சீழைக் கண்டால் உடனே திறந்துவிடு என்ற பழைய பாடத்தின்படி மார்பைத் திறந்தார்கள். சராசரியாக 30 சதவீதம் பேர் இறந்தார்கள்; சில முகாம்களில் அதைவிட மிக அதிகம். ஆராய ஒரு குழு போட்டார்கள். அதில் இருந்த இளம் மருத்துவர்களில் ஒருவர் இதே கிரஹாம். ஆரம்ப நாட்களில் திரவம் நீர்த்திருக்கும், நுரையீரல் சுவரோடு இன்னும் நிரந்தரமாக ஒட்டியிருக்காது. அப்போது திறந்தால் காற்று புகுந்து இரண்டு பக்கமும் பாதிக்கப்படும் என்று அவர்கள் காட்டினார்கள். ஊசியால் உறிஞ்சு, காற்றுப் புகாத குழாய் போடு, சீழ் கெட்டியான பிறகு திற என்றார்கள். இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. புது மருந்து எதுவும் வரவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினார்கள்.

காற்றுப் புகாத அந்தக் குழாய்தான் இன்று ‘ஐ.சி.டி.’ என்று வார்டில் சொல்லப்படுவது. ஜெர்மனியின் ஹாம்பர்கில் கோட்ஹார்ட் பியூலாவ் 1875-லேயே இதைப் பயன்படுத்தியிருந்தார். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு டியூப், அதன் மறுமுனை பாட்டிலில் 2 சென்டிமீட்டர் தண்ணீருக்குள். காற்று குமிழியாக வெளியே வரலாம். உள்ளே திரும்பிப் போக முடியாது. மூச்சுக்கு மூச்சு டியூபில் நீர் ஏறி இறங்கினால் வழி திறந்திருக்கிறது. “இருமுங்க” என்று டாக்டர் சொல்வது மரியாதைக்கு அல்ல. இருமும்போது குமிழி வந்தால் நுரையீரல் இன்னும் கசிகிறது. ஒரு மடலை எடுத்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்தக் கசிவு 5 நாளைத் தாண்டும். பெரும்பாலும் தானாக அடைபடும். ஆனால் முழு நுரையீரலை எடுத்த பக்கத்தில் இந்தக் கதையே வேறு: அங்கே உறிஞ்சும் கருவியைப் பொருத்தினால் இதயமே அந்தப் பக்கம் இழுபட்டு உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

மற்ற தொல்லைகளில், இரண்டாம் மூன்றாம் நாளில் இதயத் துடிப்பு தாறுமாறாவது ஒன்று. மடல் எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது வரும், மாத்திரையில் அடங்கும். இன்னொன்று நிமோனியா. அது பெரும்பாலும் வலியில் தொடங்குகிறது. வலித்தால் இருமமாட்டார்கள், இருமாவிட்டால் சளி தங்கும், தங்கிய சளியில் கிருமி வளரும். வலி மருந்தை இங்கே நுரையீரல் மருந்தென்றே சொல்லலாம். சிறு துளை அறுவை பிரபலமானதற்கு அழகைவிட வலி குறைவதே காரணம். நல்ல மையங்களில் ஒரு மடலை எடுத்தால் இறப்பு இன்று 100-க்கு 1 அல்லது 2. முழு நுரையீரலென்றால் அது பல மடங்கு. அதனால்தான் மடலோடு நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

கிரஹாம் 1950-ல் எர்ன்ஸ்ட் வைண்டருடன் சேர்ந்து சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினார். நெடுங்காலம் புகைத்திருந்த அவரே 1957-ல் அந்த நோயில் இறந்தார். கத்தியால் தொட முடியாத அளவுக்கு அது பரவியிருந்தது.

இப்படி ஓர் அறுவைக்குத் தேதி குறித்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், சிகரெட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்துகளை மேலே தூக்குகிற பிளாஸ்டிக் கருவியை அறுவைக்கு முன்பே பழகட்டும். வார்டில் துணைக்கு இருக்கிறீர்களா? பாட்டிலைத் தூக்கிக் கட்டிலில் வைக்காதீர்கள்; தண்ணீர் மார்புக்குள் போய்விடும். குமிழி வரும் டியூபை நீங்களாக மடக்கவோ கிளிப் போடவோ வேண்டாம். பாட்டில் சாய்ந்தால் நிமிர்த்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.