மழைக்காலத்துக்கு ஒரு தொட்டி, ஓர் ஊசி

சென்னையில் குளிர்நாடுகளைப் போல இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. வெயில், அப்புறம் மழை, அவ்வளவுதான். புரட்டாசி வரைக்கும் மாடித்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் காலையும் மாலையும் தண்ணீர் சுமக்கிறோம். ஐப்பசி பிறந்ததும் அந்த வேலையை வானம் வாங்கிக்கொள்கிறது. எங்கள் ஊரின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது.

ஆக, இந்த மூன்று மாதம் தோட்டக்காரருக்குக் கை கொஞ்சம் ஓய்கிறது. அந்தக் கைக்கு ஊசியும் நூலும் கொடுத்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இயற்கை வேளாண்மை இதழில் தையலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாம் சாப்பிடுவதில் நஞ்சு இருக்கக் கூடாது என்று இத்தனை வருஷமாகப் பேசுகிறோம். உடுத்துவதும் ஒரு வயலில் விளைந்ததுதானே?

முதலில் மாடி

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. பழைய கட்டடம். மொட்டை மாடியில் நாற்பது தொட்டிகள். மழைக்காலத்தில் நான் செய்கிறதைச் சொல்கிறேன், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

மழைக்காலத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் வேரில் தேங்குகிற தண்ணீர்தான். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றிவிட வேண்டும். அடி ஓட்டைகளில் வேர் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிட வேண்டும். கோடையில் கைகொடுத்த தென்னை நார்க்கழிவு இப்போது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் ஐப்பசிக்கு நிரப்புகிற தொட்டிகளில் நார்க்கழிவைப் பாதியாகக் குறைத்து, மணலும் மண்புழு உரமும் கூட்டிக்கொள்கிறேன்.

மூடாக்கு மழைக்கும் வேண்டும். பெருந்துளி மண்ணில் அடித்துச் சேறு இலையில் தெறித்தால் அதோடு பூஞ்சணமும் ஏறும். ஆனால் மெல்லிசாகப் போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாதீர்கள். இல்லாவிட்டால் நத்தை குடியேறிவிடும். ஜூஸ் கடைகளில் கிடைக்கிற கரும்புச் சக்கையைக் காயவைத்து நான் மூடாக்காகப் போடுகிறேன்.

அடைமழை ஓய்ந்ததும் தொட்டி மண்ணில் சத்து கரைந்து போயிருக்கும். தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் வைத்து, மழை விட்ட நாளின் சாயங்காலத்தில் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். மழைக்கு முன்னால் தெளித்தால் அத்தனையும் சாக்கடைக்குத்தான் போகும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை நாலு நாளைக்கு ஒரு தடவை கவிழ்த்துவிடுங்கள். டெங்கு கொசுவுக்கு அந்தத் தண்ணீர் போதும்.

புயல் எச்சரிக்கை வந்தால் நிழல்வலையைக் கழற்றிவிட வேண்டும். காற்று அதில்தான் பிடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வலையை முந்தின நாளே இறக்கி, தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வைத்தோம். பந்தல் தப்பித்தது.

கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை மூன்றுக்கும் இது கொண்டாட்டக் காலம். ஆடியில் போட்ட அவரை இப்போதுதான் பூவெடுக்கும். செம்பருத்தி, நந்தியாவட்டைக் குச்சிகள் நட்டால் வேர் பிடிக்கும். இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். மீதி நேரம் கீழே, வீட்டுக்குள்.

அத்தையின் கை

என் மாமியாருக்கு எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் கிராமம். வயது எழுபத்தெட்டு. மாமா தவறிய பிறகு எங்களோடு சென்னைக்கு வந்துவிட்டார். அறுபது வருஷம் களை எடுத்த, பருத்தி எடுத்த கை அது. இங்கே வந்து ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாடிப்படி ஏற முழங்கால் விடாது. மழை நாளில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, “ஊர்ல இந்நேரம் விதச்சு முடிச்சிருப்பாக” என்பார். வேறு பேச்சு இருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில், கொடி கட்டுவதற்காகப் பழைய சேலையை நாடா நாடாகக் கிழித்துக்கொண்டிருந்தேன். அத்தை வாங்கிப் பார்த்தார். “நல்ல பருத்திச் சேலைய ஏன் தாயி எல்லாத்தையும் கிழிக்க? கரைய மட்டும் கிழி. நடுவுல இருக்கிறத என்கிட்ட குடு” என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டுத் தையல். நான் சங்கிலித் தையல், காம்புத் தையல் எல்லாம் பள்ளிக்கூடத்தில் கற்றவள். அத்தைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஊசியை மேலும் கீழுமாக விட்டு இழுத்துக்கொண்டே போகிற ஓட்டுத் தையல். நாங்கள் செய்கிற வேலைக்கு அது ஒன்றே போதும்.

எங்கள் தெருமுனையில் ஆரி வேலை செய்கிற பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அத்தையின் கண்ணைப் பற்றிக் கேட்டபோது, “மேகம் மூடுன நேரத்துல ஊசியத் தொட வேணாம்மா. வெளிச்சம் இடது பக்கத்துலேர்ந்து வரட்டும், வெள்ளத் துணிக்குக் கலர் நூல் குடுங்க” என்றார். காது பெரிய ஊசியாக வாங்கிக் கொடுத்தோம். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் என் மகள் பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவாள்.

என்னென்ன தைக்கிறோம்

முதலாவது, விதைக்கான சுருக்குப் பை. பழைய வேட்டித் துணியில் உள்ளங்கை அகலத்துக்குத் தைத்து, விதையின் பெயரை நூலாலேயே எழுதிவிடுகிறோம். பேனா மை அழியும், நூல் அழியாது. ஒன்றைக் கவனியுங்கள்: மழைக்காலக் காற்றில் துணிப்பை ஈரம் இழுக்கும். நன்றாகக் காய்ந்த விதையைப் பையில் கட்டி, அந்தப் பையைக் காய்ந்த கரித்துண்டு போட்ட, மூடி இறுகிய டின்னுக்குள் வைக்க வேண்டும்.

இரண்டாவது, கொடி கட்டும் நாடா. பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் இளந்தண்டை அறுத்துவிடும். சேலைக் கரை அறுக்காது, காற்றுக்கு இடம் கொடுக்கும்.

மூன்றாவது, போர்வை. நைந்த பருத்திச் சேலை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, விரல் அகலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத் தையல். வங்காளத்துப் பெண்கள் ‘காந்தா’ என்று செய்வது இதைத்தான். ஜப்பானின் வடக்கே பருத்தி விளையாத குளிர்ப் பகுதி உழவர் வீடுகளில், பனி மூடிய மாதங்களில் பழைய துணியை அடுக்கித் தைத்துக் கெட்டியாக்கிக்கொண்டார்கள். ‘சாஷிகோ’ என்று அதற்குப் பெயர். நிலம் கதவைச் சாத்துகிற காலத்தில் உழவர் வீட்டுக் கை எங்கேயும் இப்படித்தான் வேலை தேடியிருக்கிறது. எங்கள் முதல் போர்வை ஐப்பசியில் தொடங்கித் தையில் முடிந்தது.

நான்காவது, நூலுக்குச் சாயம். ஆயுதபூஜை முடிந்ததும் வாசலில் வாடிக் கிடக்கிற துலுக்கச் சாமந்தி மாலைகளைக் கொண்டுவந்து உதிர்த்து, கொதிக்கவைத்து வடிகட்டி, படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறின பருத்தி நூலை அதில் போட்டால் மஞ்சள் ஏறும். வெங்காயத் தோலிலும் இப்படிச் செய்யலாம். மிஞ்சிய சக்கை உரக்குழிக்கு.

எல்லாவற்றுக்கும் பருத்தி நூலே வாங்குங்கள். கடையில் பருத்தி என்று கொடுப்பது பாலியஸ்டராக இருக்கலாம். ஓர் இழையைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும். பருத்தித் துணியும் பருத்தி நூலும் என்றால், தைத்தது நைந்து கந்தலானதும் துண்டுதுண்டாக வெட்டி உரக்குழியில் போடலாம், காய்ந்த இலைக்குப் பதிலாக மட்கும். பாலியஸ்டர் நூல் மண்ணில் அப்படியே கிடக்கும்.

கருங்கண்ணி

தைக்கத் தைக்கத்தான் அத்தை பருத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கரிசலின் நாட்டு ரகம் கருங்கண்ணி. புரட்டாசிக் கடைசி, ஐப்பசி மழையில் விதைப்பார்கள். கூடவே உளுந்தும் கொத்தமல்லியும் கலந்து விடுவார்கள். மானாவாரி, கிணற்றுப் பாசனம் கிடையாது. மாசி, பங்குனியில் காய் வெடிக்கும். பஞ்சு போக, கொட்டை மாட்டுக்கு, நமக்குப் பருத்திப்பால், மார் அடுப்புக்கு. “ஒண்ணும் வீணாப் போகாது தாயி. விதய மட்டும் எடுத்து வச்சுக்கிடுவோம்” என்பார்.

இந்த நாட்டு ரகங்கள் வறட்சி தாங்கும். சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் ஓரளவு தாங்கி நிற்கும். ஆனால் இழை குட்டை. நீள இழைக்கென்று அமைந்த பெரிய ஆலைகள் இதைக் கேட்பதில்லை. கலப்பின ரகங்கள் வந்தன. 2002-ல் மத்திய அரசு பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தது. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். ஒவ்வொரு வருஷமும் விதையை விலைகொடுத்து வாங்க வேண்டும். எந்தக் காய்ப்புழுவை அது தடுக்கும் என்றார்களோ, அதில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு நாளடைவில் அதையும் தின்னப் பழகிவிட்டது.

நம்மாழ்வார் ஐயா 1963-ல் வேலைக்குச் சேர்ந்தது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். மானாவாரி உழவனுக்கு இந்த ரசாயன உரச் சோதனைகள் என்ன செய்யும் என்ற கேள்வி அவருக்குப் பிறந்தது அந்தப் பருத்திக் கரிசலில்தான்.

போன புரட்டாசியில் ஊரிலிருந்து கொழுந்தனார் பேசினார். சுற்றிலும் மக்காச்சோளம். பருத்தி வியாபாரி குட்டை இழை என்று விலையைக் குறைக்கிறார். “யம்மா, பருத்திய விட்டுரட்டுமா?” என்று கேட்டார். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நெலத்துக்கு நீதான் கணக்குப் பாக்கணும்யா. விதய மட்டும் விட்டுராத. அரை ஏக்கராவது போடு” என்றார். அவர் அரை ஏக்கர் போட்டிருக்கிறார். மீதியில் மக்காச்சோளம்.

அந்த மீதி நிலம் திரும்பப் பருத்திக்கு வருவது அத்தையின் வார்த்தையில் இல்லை. தடித்த, கொஞ்சம் சொரசொரப்பான அந்தத் துணியைக் கேட்டு வாங்குகிற ஆட்கள் நகரத்தில் எத்தனை பேர் என்பதில் இருக்கிறது. குட்டை இழை கை ராட்டைக்கும் கைத்தறிக்கும் ஏற்றதுதான். மானாவாரி இயற்கைப் பருத்தியை நூற்று, கைத்தறியில் நெய்து விற்கிற ‘துலா’ போன்ற முயற்சிகள் சென்னையிலேயே இருக்கின்றன. போன தீபாவளிக்கு நாங்கள் கருங்கண்ணித் துணி வாங்கினோம். அத்தை ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “நம்ம ஊருப் பஞ்சுதான்” என்றார். என் மகள் அதில் சாமந்தி நூலால் ஓர் அவரைக்கொடி தைத்துக்கொண்டிருக்கிறாள்.

சிட்லிங்கி காட்டிய வழி

தையல் நேரப்போக்கு மட்டும் அல்ல, உழவர் குடும்பத்தை ஊரிலேயே நிறுத்துகிற வேலையாகவும் ஆகும். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் பழங்குடி மக்களுக்கான மருத்துவமனையைத் தொடங்கினார்கள். வயிற்றுக்கும் வருமானத்துக்கும் வழி இல்லாமல் நோய் தீராது என்று கண்டபோது, அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் போகிற ஊர்கள் அவை.

அதே பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்களிடம் ஒரு பூத்தையல் மரபு இருந்தது. மூத்த பெண்கள் சிலருக்குத்தான் அது கையில் மிச்சமிருந்தது. அவர்களிடமிருந்து இளம்பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 2006-ல் ‘போர்கை’ தொடங்கியது. லம்பாடிப் பேச்சில் அதற்குப் ‘பெருமிதம்’ என்று பொருள். வீட்டிலிருந்தே, வயல் வேலை போக மிஞ்சிய நேரத்தில், இயற்கைப் பருத்தித் துணியில் தைத்துச் சம்பாதிக்கிறார்கள். விதையைப் போலத்தான் தையலும். ஒரு தலைமுறை கைமாற்றாமல் விட்டால் அதோடு போயிற்று.

இந்த ஐப்பசியில்

நகரத்து நண்பர்களே, ஒரு பழைய வேட்டியைக் கிழித்து நாலு விதைப் பை தையுங்கள். வீட்டுப் பெரியவர் கையில் ஒன்றைக் கொடுங்கள், அவருக்குத் தெரிந்த தையலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஐந்து துணி வாங்குகிற இடத்தில், மானாவாரி இயற்கைப் பருத்தியில் ஒன்று வாங்குங்கள். விலை அதிகம்தான். கிழிந்தால் ஒட்டுப் போட்டு உடுத்தினால் கணக்கு நேராகிவிடும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன ஊர் நம்முடையது, ஒட்டுத் துணிக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கரிசல் உழவர்களே, உங்களுக்குக் கணக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அத்தை சொன்னதை மட்டும் சொல்கிறேன். பரப்பைக் குறைத்தாலும் வரப்போரத்தில் பத்துச் செடியாவது நாட்டுப் பருத்தி நிற்கட்டும். விதைப் பை வேண்டுமென்றால் எழுதுங்கள். மழை விடுவதற்குள் அத்தை இன்னும் முப்பது தைத்துவிடுவார்.