இருபது நிமிடம், ஒரு கண்ணாடிக் குழாய்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, செண்பகத்தோப்பில் மலை இறங்கி முடிகிற இடத்திலேயே தோப்புகள் தொடங்கிவிடுகின்றன. 1988இல் சாம்பல் நிற அணிலுக்கென அறிவிக்கப்பட்ட சரணாலயம் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. இப்படிப்பட்ட மலையடிவாரத்தில் தென்னைமட்டை பொறுக்குகிறவரும், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும், காவலுக்குத் தரையில் படுக்கிறவரும் தினமும் எண்ணிப் பார்க்கிற ஆபத்து பாம்புதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்தச் சாவுகளைக் குறைக்க ஆய்வகங்கள் புதுமருந்து தேடுகின்றன, தேடட்டும். ஆனால் அண்மை ஆண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரிகிறது. கையில் இருக்கும் ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு மருந்தே உயிரைக் காக்குமா என்பது, கடிபட்டவரை முதலில் தொடும் செவிலியர் எதைக் கற்றிருக்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

ஒரு சோதனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால் இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களை விஷம் தின்று தீர்த்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மின்சாரமோ இயந்திரமோ தேவையில்லை. நரம்பிலிருந்து எடுத்த 2 மில்லி இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடி டெஸ்ட் டியூபில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் உறைந்திருக்கிறது. வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது. கேட்கச் சுலபம்தான். பிசகுவதும் அதே அளவு சுலபம். கண்ணாடியின் பரப்புதான் உறைதலைத் தூண்டுகிறது. பிளாஸ்டிக் டியூபில் அது நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய டியூபில் ஒட்டியிருக்கும் மிச்சமும் உறைதலைத் தடுக்கும். அப்போது விஷமே ஏறாதவருக்கும் பத்து குப்பி மருந்து ஏறிவிடும். உறைந்தும் உறையாமலும் இருக்கிற இரத்தத்தை 'உறைந்துவிட்டது' என்று எழுதிவிட்டால் கதை நேர்மாறாகும். இலங்கையின் கிராமப்புற மருத்துவமனை ஒன்றில் அன்றாடப் பணிக்கிடையே நடந்த இதே சோதனை, கண்ணாடி விரியன் விஷத்தால் இரத்தம் உறையாமல் போனவர்களில் 40 விழுக்காட்டினரைத்தான் அடையாளம் காட்டியது. இது 2013இல் வெளியான ஆய்வு. அதே தீவில், பயிற்சி பெற்றவர்கள் அளவு பார்த்துத் தேர்ந்த கண்ணாடிக் குழாயில் செய்தபோது 82 விழுக்காட்டினர் சிக்கினார்கள் என்கிறது 2017இன் ஆய்வு. இரண்டும் வேறு வேறு மருத்துவமனைகள், அப்படியே ஒப்பிடக்கூடாது என்பது சரிதான். ஆனாலும் அந்த இடைவெளியில் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. குழாயும் கையும்தான் மாறின. தேர்ந்த கைகளிலும் ஐந்தில் ஒருவர் தப்பிவிடுகிறார். ஒரு சோதனையோடு நிறுத்தாமல், முதல் மூன்று மணி நேரம் மணிக்கொரு முறையும், பிறகு ஆறு மணிக்கொரு முறையும் சோதிக்கச் சொல்கிறது இந்திய வழிகாட்டுதல். இரவுப் பணியில் அதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் யார்?

"ஏ.எஸ்.வி. போட்டால் ரியாக்‌ஷன் வரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதற்கு வம்பு, 108இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம்" என்பது பழகிப்போன வாதம். ரியாக்‌ஷன் பயம் வெறும் கற்பனையல்ல. இலங்கையில் 1,007 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், நான்கில் மூவருக்கு ஏதோ ஒரு வகை ஒவ்வாமை வந்தது. ஆனால் அதே ஆய்வுதான் வழியையும் காட்டியது. மருந்துக்கு முன் தோலடியில் சிறிதளவு அட்ரினலின் போட்டவர்களுக்குக் கடுமையான ஒவ்வாமை, முதல் மணி நேரத்தில், 43 விழுக்காடு குறைந்தது. காலங்காலமாகப் போட்டுவந்த ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் அப்படித் தடுக்கவில்லை. தோலில் துளி போட்டுப் பார்க்கும் 'டெஸ்ட் டோஸ்' யாருக்கு ஒவ்வாமை வரும் என்று சொல்லாது, நேரத்தைத்தான் தின்னும். அதை வழிகாட்டுதல்கள் கைவிட்டு வெகுநாளாகிறது. அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைத்துக்கொண்டு டிரிப்ஸைத் தொடங்குவதுதான் பாதுகாப்பு. விஷம் ஏறியது உறுதியான ஒருவரை மருந்தில்லாமல் வண்டியில் ஏற்றுவதை எச்சரிக்கை என்று சொல்ல முடியாது. பொறுப்பைத் தள்ளிவிடுவது அது.

மருந்து எழுதுவது மருத்துவர்தானே, செவிலியருக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். உண்மைதான், முடிவு மருத்துவருடையது. ஆனால் அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் படுக்கையோரத்தில்தான் பிறக்கிறது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி என்று வருகிறவரின் இமை சொருகுவதை முதலில் பார்க்கிற கண் செவிலியருடையதாகத்தான் இருக்கும். அந்த நோயாளிக்கு டியூபில் இரத்தம் உறைந்துவிட்டதே என்று நிம்மதியடைந்தால் ஆள் போய்விடுவார். அந்த விஷம் தாக்குவது நரம்பை, மூச்சை. வாரக்கணக்கான வகுப்பு தேவையில்லை, ஒருநாள் செய்முறைப் பயிற்சியும் சுவரில் ஒரு தாளும் போதும் என்பது என் கணிப்பு.

புதுமருந்து வந்துவிட்டால் இதெல்லாம் பழங்கதை ஆகாதா? 2025இல் 'செல்' இதழில் வெளியான விஷமுறிவுக் கலவை, நல்ல பாம்புக் குடும்பத்தின் 19 இனங்களின் விஷத்துக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது. சோதித்தது எலிகளிடம், அதுவும் கண்ணாடி விரியனுக்கோ சுருட்டை விரியனுக்கோ அல்ல. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சோதிக்கப்பட்ட வாரெஸ்பிளாடிப் மாத்திரை ஒட்டுமொத்தமாக எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. கடித்த ஐந்து மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டவர்களிடம் மட்டும் நம்பிக்கைக் கீற்று தெரிந்தது. ஆக அந்த மாத்திரையும் சீக்கிரம் கண்டுகொள்கிற ஒருவரைத்தான் நம்பியிருக்கிறது.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் ஏற வேண்டும். நல்ல தொடக்கம், அதோடு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பெட்டி புதுக் கண்ணாடி டியூபும் போகட்டும். நமக்கும் வேலை இருக்கிறது. கடிபட்டவரின் கை காலை இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், அசையவிடாமல் கொண்டு போங்கள். அங்கே சிஸ்டர் ஒரு டியூபை மேசையில் நிறுத்திவைத்து "இதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால், சும்மா நிற்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். வைத்தியம் தொடங்கிவிட்டது.