ஓவியந் தாங்கிய தபால் முத்திரைகள்

தபால் முத்திரை சேகரித்தலைச் சிறுவர் பொழுதுபோக்கென எண்ணுவார் பலர். நாடு, ஆண்டு, விலை என்ற வரிசையில் ஒட்டிவைப்பதோடு நின்றுவிடின் அவ்வெண்ணம் ஒருவாறு பொருந்தும். ஆயின், ஒரு பொருளைத் தேர்ந்து அதனையே தொடர்ந்து தேடுவார்க்கு அது கல்வியாகின்றது. ஓவியமும் ஓவியரும் என்பது அத்தகையதொரு பொருள். பெரிய ஓவியக்கூடங்களுக்குத் தொலைவிலுள்ள கோப்பாய் போன்ற ஊர்களில் வாழும் மாணாக்கர்க்கு அதன் பயன் இருமடங்கு எனலாம்.

1840 ஆம் ஆண்டு மே 6 இல் பிரித்தானியாவில் வழக்கிற்கு வந்த முதல் முத்திரையிலும், 1857 இல் வெளிவந்த இலங்கையின் முதல் முத்திரையிலும் விக்டோரியா அரசியின் தலையே உண்டு. 1869 இல் அமெரிக்கா, திரம்புல் வரைந்த சுதந்திரப் பிரகடன ஓவியத்தை முத்திரையிற் செதுக்கி அச்சிட்டது. எனினும் அங்கே போற்றப்பட்டது நிகழ்ச்சியேயன்றி ஓவியனல்லன். 1930 இல் ஸ்பெயின் தேசம் கோயாவின் படைப்புக்களுக்கென்றே ஒரு வரிசை வெளியிட்டது. அதிலே ஆடையற்ற மாதின் படமும் இருந்தமையால் எழுந்த கண்டனமே அவ்வரிசைக்குப் பெரும் விளம்பரமாயிற்று!

இந்தியா 1971 இல் இரவிவர்மாவைப் பாராட்டி, தமயந்தியும் அன்னமும் என்ற அவர் ஓவியத்தை 20 பைசா முத்திரையில் வெளியிட்டது. 1973 இல் வந்த நான்கு சிற்றோவிய முத்திரைகளில் கிஷன்கர் இராதையே யாவராலும் விரும்பப்படுபவள்.

நமக்கு அணுக்கமானது இலங்கை 1971 இல் வெளியிட்ட ஐந்து சத முத்திரை வரிசை. புலவரும் தத்துவஞானிகளுமாகிய ஐவருள் நல்லூர் ஆறுமுகநாவலரும் ஆனந்த குமாரசுவாமியும் இடம்பெற்றனர். குமாரசுவாமி ஓவியரல்லர், ஓவியத்தைக் காணக் கற்பித்தவர். இராசபுத்திர ஓவியம் முகலாய ஓவியத்தின் வேறானதென்று 1916 இல் வெளிவந்த தம் நூலில் நிறுவினார். 1917 முதல் 1947 இல் மறையும்வரை பொஸ்டன் அரும்பொருளகத்திற் பணிபுரிந்தார். அவர் முகத்தையும் கிஷன்கர் இராதையையும் ஒரே பக்கத்தில் ஒட்டுவோன் காரணத்தோடு ஒட்டுகிறான்.

சிகிரியா ஓவியப் பெண்ணும் 1950களின் தொடக்கத்திலேயே நம் முத்திரையில் இடம்பெற்றவள். 1967 ஒக்டோபரில் தீயோர் சிலர் அப்பாறை ஓவியங்கள்மீது வர்ணம் பூசிச் சிதைத்தனர். பின்னர் அவை பெருமுயற்சியுடன் சீர்செய்யப்பட்டன. மூலம் ஒன்றே, அது கெட்டால் ஈடில்லை. முத்திரையோ பல்லாயிரம் பிரதிகளாய்ப் பரந்து வாழ்வது. 1995 ஒக்டோபர் இறுதியில் கோப்பாய் உள்ளிட்ட வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மக்கள் கையிற் கொண்டுசெல்லக்கூடியன எவ்வளவு சிலவென்பதை அறிந்தோர்க்கு, ஒரு சிற்றேட்டினுள் அடங்கும் ஓவியக்கூடத்தின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் முத்திரை மூலத்துக்கு ஈடாகாது. ஓரங்களை வெட்டும், நிறத்தை மாற்றும், ஆளுயரத் திரையோவியத்தையும் உள்ளங்கை அளவான சிற்றோவியத்தையும் ஒரே அளவினதாகக் காட்டி மயக்கும். ஆதலின், ஒவ்வொன்றன் அருகிலும் ஓவியர் பெயர், காலம், எதன்மீது வரையப்பட்டது, மூலத்தின் நீள அகலம், அது இன்றுள்ள இடம் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். இவ்வைந்தையுந் தேடுவதே இச்சேகரிப்பின் பெரும்பகுதி உழைப்பு. பூதக்கண்ணாடியால் நோக்கின், செதுக்கி அச்சிட்டதிற் கோடுகளும், அண்மைக்கால அச்சிற் சிறு புள்ளிகளும் புலப்படும்.

பயன்படுத்திய முத்திரைகளைக் குளிர்ந்த நீரிலிட்டு, பசை இளகியபின் நிழலில் உலர்த்துக. பசை நீங்காத புதியவற்றை மாரிகாலத்து ஈரம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கார்த்திகை, மார்கழியில் ஏட்டை நிறுத்தியே வைத்தல் நன்று.